தேயிலையைப் பிடுங்குங்கள், ஆட்களை ஏன் பிடுங்குகிறீர்கள்?

மேற்குத் தொடர்ச்சி மலையில் தேயிலையும் சீகையும் கற்பூர மரமும் நிற்கும் இடங்களில், அந்த மலைக்கே உரிய மரங்களும் புற்களும் மறுபடி வளர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நான் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்வதே மலைக்காட்டு மரங்களின் விதை முளைப்பைத்தான். நாற்றங்காலில் ஒரு வெடிப்பலா விதை மண்ணைத் தள்ளிக்கொண்டு தலை நீட்டுவதைப் பார்க்கிற மகிழ்ச்சி எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை. ஆகவே இந்தக் கட்டுரையைக் காட்டுக்கு எதிரான கட்டுரை என்று யாரும் முத்திரை குத்திவிட வேண்டாம்.

என் கேள்வி வேறு. தேயிலையை அகற்ற வேண்டும் என்ற பேச்சு எழும் இடங்களிலெல்லாம், அதை நட்டு, கவாத்து வெட்டி, கொழுந்து பறித்த மனிதர்களையும் சேர்த்து அகற்ற வேண்டும் என்று அது எப்படி மாறிவிடுகிறது? செடி வேறு, ஆள் வேறு என்பது கூடவா நம் சூழலியலாளர்களுக்குத் தெரியாது? தெரியும். தெரிந்தும் இந்த இரண்டும் ஒன்றாகக் கலக்கப்படுவதற்கு அந்த ஆட்களின் சாதி ஒரு காரணம் என்பதுதான் என் வாதம்.

மஞ்சோலையிலிருந்தே தொடங்குவோம். சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் 8,373 ஏக்கர் மலைக்காட்டை பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. காட்டை வெட்டித் திருத்தியவர்கள் சமவெளியிலிருந்து மேலே கொண்டுபோகப்பட்ட கூலிகள். அவர்களில் பெரும்பகுதியினர் தலித்துகள். மஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று ஐந்து குடியிருப்புகளில் நான்கு தலைமுறை வாழ்ந்தது. 1999இல் கூலி உயர்வு கேட்டும், கைது செய்யப்பட்ட தோழர்களை விடுவிக்கக் கேட்டும் திருநெல்வேலிக்கு ஊர்வலமாக வந்தபோது, ஜூலை 23 அன்று காவல்துறை தடியடி நடத்தித் தாமிரபரணிக்குள் விரட்டியது. ஒரு கைக்குழந்தை உட்பட 17 பேர் செத்தார்கள். அந்த ஆற்றின் பெயரைச் சொன்னால் இத்தளத்தின் வாசகர்களுக்கு மேலே விளக்கத் தேவையில்லை.

2018இல் அந்த நிலம் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2024இல், குத்தகை முடிய நான்கு ஆண்டுகள் இருக்கும்போதே, கம்பெனி விருப்ப ஓய்வுப் படிவத்தை நீட்டியது. அரசு தோட்டத்தை ஏற்று நடத்த வேண்டும் என்றும், அங்கேயே வாழ விட வேண்டும் என்றும் கேட்ட மனுக்களை அந்த ஆண்டு டிசம்பரில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தள்ளுபடி செய்தது. மாற்று வாழ்விடமாகச் சொல்லப்பட்டவற்றில் முதன்மையானது திருநெல்வேலியை ஒட்டிய அடுக்குமாடி வீடுகள்.

மஞ்சோலை நிற்பது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள். அகத்தியமலைக் காடு வெடிப்பலாவும் நாங்கும் பாலியும் கலந்து நிற்கும் காடு. வெடிப்பலாப் பழத்தை நம்பி வாழும் சிங்கவால் குரங்கு அங்கே உண்டு. அந்தக் காடு மீள வேண்டும் என்று வனத்துறை விரும்புவது நியாயம்தான். ஆனால் கம்பெனி போகிறது, தேயிலை போகிறது, தொழிலாளியும் போகிறார் என்று மூன்றையும் ஒரே வரியில் எழுதியதில்தான் அநியாயம் இருக்கிறது. கம்பெனி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு லாபத்தை எடுத்துக்கொண்டு போகிறது. தொழிலாளி எதை எடுத்துக்கொண்டு போகிறார்?

திருவாடானைக்காரருக்கு மலையைப் பற்றி என்ன கவலை என்று கேட்கலாம். எங்கள் வட்டத்தில் கடல் உண்டு, கண்மாய் உண்டு, கருவேலம் உண்டு. குன்று என்று சொல்ல ஒரு மேடுகூடக் கிடையாது. ஆனால் இலங்கை மலைத் தோட்டங்களின் வரலாறு எங்கள் கரையில்தான் தொடங்குகிறது. எங்கள் வட்டத்திலிருக்கும் தொண்டி, அதற்குத் தெற்கே தேவிபட்டினம், பாம்பன் என்று இந்தக் கடற்கரைத் துறைகளிலிருந்துதான் 19ஆம் நூற்றாண்டில் பஞ்சம் பிழைக்கப் போனவர்கள் தோணி ஏறினார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, வழியிலேயே பலர் செத்து, மிஞ்சியவர்கள் கண்டி மலைக்குப் போய் முதலில் காப்பியும் பிறகு தேயிலையும் நட்டார்கள். அவர்களில் மிகப் பெரிய பங்கு பறையர், பள்ளர், சக்கிலியர். பிடித்துக்கொண்டு போன கங்காணிகளில் பலர் அவர்களுக்கு மேலே வைக்கப்பட்ட சாதியினர். பின்னர் பாம்பன் பாலமும் ரயிலும் வந்தன. மண்டபத்தில் முகாம் வந்தது. அங்கே ஆட்களை நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று பார்த்து, மருந்தடித்து அனுப்பினார்கள்.

1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 9,75,000 பேர் பங்கு போடப்பட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று கணக்கு. தலைமன்னாரிலிருந்து 'இராமானுஜம்' கப்பலில் இராமேசுவரம் வந்து இறங்கினார்கள். மறுபடி அதே மண்டபம் முகாம். தாத்தாவின் தாத்தா போன வழியிலேயே பேரன் திரும்பி வந்தார். காகிதத்தில் அவருக்கு 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர். தாயகத்தில் அவருக்குக் காணி நிலம் கிடையாது. போகும்போதும் கிடையாது, அதனால்தானே போனார்.

திரும்பியவர்களில் ஒரு பகுதியினரை நீலகிரிக்கு ஏற்றினார்கள். தேயிலை தெரிந்தவர்களுக்குத் தேயிலை வேலை கொடுப்போம் என்று 1968இல் தமிழக அரசு தொடங்கிய திட்டம்தான் 1970களின் நடுவில் டான்டீ என்ற அரசு நிறுவனமானது. அதைத் தொடங்கியது எந்தத் துறை தெரியுமா? வனத்துறை. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்ப் பக்கங்களில் வனத்துறையின் நிலத்தில், வனத்துறையின் ஆணைப்படி, கூலிக்குக் காட்டைத் திருத்தித் தேயிலை நட்டார்கள் இந்த மக்கள். இன்று நட்டம் என்ற காரணம் காட்டி, 2022இல் சுமார் 2,150 எக்டேர் நிலத்தை அதே வனத்துறையிடம் திருப்பி ஒப்படைக்க ஆணை வந்தது. நிலம் ஒரு துறையிலிருந்து கிளம்பி, சுற்றிக்கொண்டு, அதே துறைக்கு வந்து சேர்ந்துவிட்டது. நடுவில் அதில் வாழ்நாளைக் கழித்தவருக்கு, ஓய்வு பெற்றால் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்ற விதி மட்டும்தான் மிச்சம். தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் கூரையும் போகும். இதை எதிர்த்துத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்த பிறகே மாற்று வீடுகள் பற்றிய பேச்சு வேகம் பிடித்தது.

இனி மரங்களுக்கு வருகிறேன். எது மண்ணின் மரம், எது வந்தேறி என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால், வந்தேறி மரத்தை யார் கொண்டுவந்தார் என்று கேட்பது முறை.

நீலகிரியின் உச்சிப் பகுதி, மடிப்புகளில் சோலைக்காடும் மேட்டில் புல்வெளியுமாக இருந்த நிலம். வெள்ளைக்காரருக்குப் புல்வெளி கண்ணில் படவில்லை, காலி இடம்தான் பட்டது. வருவாய்க் கணக்கில் அது தரிசு. 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே ஆஸ்திரேலியச் சீகையும் கற்பூர மரமும் விறகுக்காக வந்துவிட்டன. ஊட்டி தாவரவியல் பூங்கா 1848இல் மெக்ஐவர் என்பவர் பொறுப்பில் தொடங்கியது. 1860 வாக்கில் தென் அமெரிக்கச் சிங்கோனாவும் வந்தது. பூங்காவுக்கு மேலே மஞ்சக்கல் மந்து என்ற தோடர் குடியிருப்பு இன்றும் இருக்கிறது. அந்தச் சரிவின் பழைய உரிமையாளர்கள் யார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். மே மாதம் மலர்க் கண்காட்சிக்குப் போகிறவர்கள் ஒரு தடவை அண்ணாந்து பார்க்கலாம்.

எல்லாவற்றையும் வெள்ளைக்காரன் தலையில் கட்டிவிடவும் முடியாது. பெரிய அளவில் புல்வெளியைத் தின்றது விடுதலைக்குப் பிந்தைய நம் வனத்துறையின் மரத்தோட்டங்கள். பட்டைக்காகச் சீகை, கூழுக்காகக் கற்பூர மரம். பழனி மலையில் 40 ஆண்டுகளில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு அழிந்துபோனதைச் செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018இல் ஓர் ஆய்வு காட்டியது. மரத்தோட்டமும் விவசாயமும்தான் காரணம். 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியும், தோடர்கள் தம் கோயிலுக்கு வேயும் சதுப்புப் புல்லும் இருந்த இடம் அது. ஓடை வற்றியதும் புல் குறைந்ததும் தோடர் வீட்டுக் கதை. ஆணையோ சென்னையிலிருந்து வந்தது.

சீகைப் பட்டை எதற்கு என்பதில் நமக்குச் சம்பந்தமுள்ள ஒரு செய்தி இருக்கிறது. தோல் பதனிடுவதற்கு. அதற்கு முன்பு சென்னை மாகாணத்தின் தோல் தொழில் நடந்ததே ஆவாரம் பட்டையை வைத்துத்தான். எங்கள் ஊர்த் தரிசுகளில் மஞ்சளாகப் பூத்து நிற்கும் அதே ஆவாரை. பட்டை உரிப்பதும் தோலைத் தொட்டியில் மிதிப்பதும் யார் தலையில் எழுதப்பட்ட வேலை என்பது நமக்குத் தெரியும். தொழில் பெருத்தபோது தென்னாப்பிரிக்காவிலிருந்து சீகைப் பட்டையை இறக்குமதி செய்தார்கள். அந்தச் செலவை மிச்சப்படுத்தத்தான் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சீகைத் தோட்டங்கள் பெருகின. மண்ணின் செடியோ அயல் மரமோ, தொட்டியில் நின்ற கால்கள் மாறவில்லை. மண்ணின் செடி திரும்பிவிட்டால் மண்ணின் மக்கள் வாழ்வும் தானாகத் திரும்பிவிடும் என்று மேடையில் பேசுகிறவர்களிடம் நான் ஆவாரையைப் பற்றித்தான் கேட்பேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கருத்தரங்கில் மூத்த ஆய்வாளர் ஒருவர், தேயிலையோடு வந்தவர்கள் தேயிலையோடு போவதுதான் இயற்கை என்ற பொருளில் பேசினார். அரங்கம் சிரித்தது. அவருடைய சொந்தச் சாதிக்காரர்கள் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் எதோடு வந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. பங்களாக்காரர், விடுதிக்காரர், எஸ்டேட் முதலாளி, ஓய்வு பெற்ற அதிகாரி, இவர்கள் யாரையும் எந்த ஆவணமும் அயலார் என்று குறிப்பதில்லை. அந்தச் சொல் சீகை மீதும், உண்ணிச்செடி மீதும், பிறகு நேராக லைன் வீட்டின் மீதும் விழுகிறது.

ஒரு செடியை 'இம்மண்ணுக்குரியது' என்று தாவரவியல் சொல்லும்போது அதற்கு ஒரு பொருள் இருக்கிறது. அந்தச் செடிக்கும் அங்குள்ள பூச்சிக்கும் பறவைக்கும் பூஞ்சைக்கும் மழைக்கும் நெடுங்காலமாக உள்ள உறவு அது. அதை மனிதர் மீது ஏற்றினால் அறிவியல் முடிந்து வேறொன்று தொடங்குகிறது. பிறந்த இடத்தை வைத்து இன்னாருக்கு இன்ன இடம் என்று அளந்து கொடுப்பதில் இந்த நாட்டில் ஏற்கெனவே ஒரு முறை கைதேர்ந்து இருக்கிறது. அதற்குச் சாதி என்று பெயர். முகுல் சர்மா 2017இல் வெளியிட்ட 'சாதியும் இயற்கையும்' பற்றிய நூலில், இந்தியச் சூழலியத்துக்குள் சாதி எப்படி மரபு, தூய்மை என்ற சொற்களின் போர்வையில் உட்கார்ந்திருக்கிறது என்று விரிவாக எழுதியிருக்கிறார். தமிழில் அது குறித்த விவாதம் போதுமான அளவு நடக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

சட்டமும் இதே கணக்கைத்தான் போடுகிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பழங்குடிகளுக்கு மட்டுமல்லாமல், காட்டில் வாழும் பிற மரபுவழி மக்களுக்கும் உரிமை தருகிறது. ஆனால் பிறர் 2005 டிசம்பர் 13க்கு முன்னால் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். டான்டீத் தொழிலாளிக்கு 1970களிலிருந்து எண்ணினால் 35 ஆண்டுகூட வராது. அதற்கு முன் அவர் இலங்கை மலையில் 100 ஆண்டு இருந்தார், அது செல்லாது. அதற்கு முன் இராமநாதபுரத்திலோ புதுக்கோட்டையிலோ யாரோ ஒருவர் பண்ணையில் இருந்தார், அதுவும் செல்லாது. ஒவ்வொரு முறை அவரைப் பிடுங்கி நடும்போதும் கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கும். மஞ்சோலைக்கு 1929லிருந்து எண்ணினால் 76 ஆண்டு வருகிறதே என்று பார்த்தால், தோட்டக் கூலி வனவாசி ஆகமாட்டார் என்பது அவர்களுக்குக் கிடைத்த பதில்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோரின் உரிமைதான் முதல் உரிமை. டான்டீத் தோட்டங்கள் சிலவற்றின் அடியில் அவர்களுடைய தேனெடுக்கும் காடும் புதைகுழிகளும் இருந்திருக்கும். தாயகம் திரும்பிய தலித்துக்கு நிலம் கேட்பது பணியருக்கு எதிரான கோரிக்கையாக மாறிவிடக் கூடாது. இந்த இரு மக்களையும் மோதவிட்டு நடுவில் குளிர்காய்வது அரசுக்கும் எஸ்டேட்டுகளுக்கும் புதிதல்ல. கூடலூரில் ஜன்ம நிலப் பிரச்சினை 1969ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகும் அரை நூற்றாண்டாக இழுத்துக்கொண்டிருக்கிறது. பெரிய எஸ்டேட்டுகள் வழக்கு நடத்திக்கொண்டே கொழுந்து பறித்தன. அதே நிலத்தில் குடிசை போட்டவர்கள் மின் இணைப்புக்கு மனு எழுதிக்கொண்டே கிழவர்களானார்கள்.

இதையெல்லாம் நீதியின் பக்கம் நின்று சொன்னேன். காட்டின் பக்கம் நின்று பார்த்தாலும் ஆட்களை முதலில் கீழே இறக்குவது அடிமுட்டாள்தனம். இதை ஆய்வாளராகச் சொல்கிறேன்.

தேயிலைத் தோட்டத்தைப் பூட்டிவிட்டு வந்துவிட்டால் அங்கே தானாகக் காடு வந்துவிடும் என்பது நகரத்துக் கற்பனை. தேயிலை இயல்பிலேயே ஒரு மரம். கவாத்து நின்றால் இடுப்புயரச் செடி சில ஆண்டுகளில் தலைக்கு மேலே போய் நிழலடைத்து நிற்கும். இடைவெளியில் உண்ணிச்செடி ஏறும். உண்ணியை மேலாக வெட்டினால் இரட்டிப்பாகத் துளிர்க்கும். மண்ணுக்குச் சற்றுக் கீழே வேரை வெட்டி, தூரைப் பெயர்த்துத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். அடுத்த மழைக்குப் பறவை எச்சத்திலிருந்து மறுபடி முளைக்கும். மறுபடி பிடுங்க வேண்டும். இப்படிப் பல ஆண்டுகள். இந்த வேலை இயந்திரத்துக்கு வராது.

மரக்கன்று வளர்ப்பதும் அப்படித்தான். மழைக்காட்டு மரங்களில் பலவற்றின் விதையை நெல்லைப் போலக் காயவைத்துப் பானையில் கட்டிவைக்க முடியாது. காய்ந்தால் செத்துவிடும். விழுந்த சில நாள்களில் பொறுக்கி நாற்றங்காலில் போட வேண்டும். எந்த மரம் எந்த மாதம் காய் உதிர்க்கும், எந்த ஓடைச் சரிவில் அந்த மரம் மிச்சமிருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர்களில் புத்தகம் எழுதியவர்கள் பாதி. கூடை சுமந்த பெண்கள் மீதி. என் ஆய்வேட்டின் நன்றியுரையில் அவர்கள் பெயர் இருக்கும். ஆசிரியர் பட்டியலில் இருக்காது. கல்வித்துறையின் தீண்டாமைகளில் இது நாகரிகமானது.

ஆனைமலைப் பகுதியில் வால்பாறையைச் சுற்றி இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை என்ற அமைப்பு 2000ஆம் ஆண்டையொட்டித் தொடங்கி மழைக்காட்டுத் துண்டுகளை மீட்டு வருகிறது. உள்ளூர் நாற்றங்கால், நூற்றுக்கும் மேற்பட்ட மரவகைகள், தேயிலை நிறுவனங்களுடன் உடன்பாடு. தானாக விடப்பட்ட துண்டுகளை விட, களையெடுத்துக் கன்று நடப்பட்ட துண்டுகள் வேகமாகத் தேறின என்பது அங்கே அளந்து காட்டப்பட்ட முடிவு. கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலில் பாப் ஸ்டீவர்ட்டும் டான்யா பால்கரும் என்ற இரண்டு பேர் சோலைக் கன்றுகளுக்கென்றே ஒரு நாற்றங்கால் வைத்து வாழ்நாளைக் கழித்தார்கள். அவர்கள் இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள். அந்த மலைக்கு அவர்களை விட அயலார் யார் இருக்க முடியும்? யாரும் அவர்களை இறங்கச் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. இரண்டு வெள்ளைக்காரருக்குக் கிடைத்த அந்த மதிப்பு, மலையிலேயே பிறந்து வளர்ந்த கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதே என் கேள்வி.

எங்கள் ஊர் அனுபவம் ஒன்றைச் சொல்லலாம். 2017இல் சீமைக் கருவேலத்தை வேரோடு அகற்ற மதுரைக் கிளை உத்தரவிட்டபோது, மாவட்டமே மண்வெட்டியோடு இறங்கியதுபோல ஒரு காட்சி. கருவேலம் நீரைக் குடிக்கிறது, புல்லை அழிக்கிறது, எல்லாம் சரி. என் அம்மா மூட்டக்கரி வேலைக்குப் போனவர். வெட்டி, அடுக்கி, மண் பூசி, தீ வைத்து, இரவெல்லாம் புகை பார்த்து, கரியைப் பிரித்து மூட்டை கட்டினால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். நிலமில்லாத எங்கள் தெருவுக்கு இருந்த ஒரே 'நிலம்' புறம்போக்கில் நின்ற அந்த அயல் மரம்தான். பொக்லைன் முதலில் புறம்போக்குக்கு வந்தது. பட்டாக்காரர்களின் கருவேலம் விலை பேசி முடியும்வரை நின்றது. அகற்றிய இடத்தில் வேறு மரம் நட யாருக்கும் கூலி கொடுக்கப்படவில்லை. இரண்டு மழைக்குள் தூர் துளிர்த்துப் பழையபடி ஆகிவிட்டது. மரமும் போகவில்லை, பிழைப்பு மட்டும் நடுவில் போனது. உடைமரமும் வேம்பும் பனையும் நட்டுக் காப்பாற்ற எங்கள் தெருப் பெண்களுக்கு ஐந்து ஆண்டுக் கூலியும் மரத்தின் மீது உரிமையும் கொடுத்திருந்தால் இன்று பார்க்க வேறு மாதிரி இருந்திருக்கும். வனத்துறை அதைச் செய்யாததற்கு அறிவியல் காரணம் எதுவும் இல்லை.

மஞ்சோலையிலிருந்து இறங்கச் சொல்லும்போது எங்கே போகச் சொல்கிறார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். எஸ்டேட் சொர்க்கம் அல்ல. அட்டைக்கடியும் அரைக்கூலியுமான இடம்தான். ஆனாலும் ஊர், சேரி என்று இரண்டாகப் பிளந்த கிராமத்திலிருந்து ஒரு தலித் தப்பிக்கக் கிடைத்த இடங்களில் மலையும் ஒன்று. அயோத்திதாசர் வளர்ந்ததும் அத்வைதானந்த சபை நடத்தியதும் நீலகிரியில்தான். திராவிட மகாஜன சபையின் மாநாட்டை 1891 டிசம்பர் 1 அன்று அவர் கூட்டியதும் அங்கேதான். இரட்டைமலை சீனிவாசன் இளமையில் கணக்கு வேலை பார்த்ததும் அந்த மலையில். சமவெளியில் முடியாத சில காரியங்கள் அங்கே முடிந்தன. இன்று லைன் வீட்டிலிருந்து இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அடுக்குமாடி வீடு, எத்தனை பேருக்குப் பாட்டி விட்டு வந்த அதே காலனித் தெரு? சூழல் மீட்பு என்ற பெயரில் சேரியை நிரப்பும் வேலையை எந்தத் தாவரவியலும் கேட்கவில்லை.

அயல் தாவரங்களை அகற்றுவதற்கும் சூழலை மீட்பதற்கும் தமிழ்நாடு அரசு 2022இல் ஒரு கொள்கையை வெளியிட்டது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சீகையை வெட்டும் பணி நீதிமன்றக் கண்காணிப்பில் நடக்கிறது. பணம் வருகிறது, ஒப்பந்தப்புள்ளி வருகிறது. ஒப்பந்தம் எடுப்பவர் யார், அவரிடம் நாள்கூலிக்குப் போவது யார் என்று ஒரு சாதிக் கணக்கு எடுத்தால் கங்காணி இன்னும் ஓய்வு பெறவில்லை என்பது தெரியும். கூடலூர்ப் பக்கம் பணியரும் குறும்பரும் காட்டுநாயக்கரும் அகற்றிய உண்ணிச்செடிக் கம்புகளைக் கொண்டு ஆளுயரத்துக்கும் மேலே யானைச் சிலைகள் செய்தார்கள். அவை 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. களையிலிருந்துகூட ஒரு தொழிலை அவர்களால் எடுக்க முடிந்திருக்கிறது.

நான் கேட்பது நடைமுறையில் முடியாதது எதுவும் அல்ல. ஒப்படைக்கப்படும் தேயிலை நிலத்தில் மீட்புப் பணியை ஒப்பந்தக்காரருக்கு விடாமல், முதலில் பழங்குடிகளும் அவர்களோடு தோட்டத் தொழிலாளர்களும் நடத்தும் கூட்டுறவுகளுக்குக் கொடுங்கள். குறைந்தது 20 ஆண்டுக்குக் கொடுங்கள், மழைக்காடு அதற்குள் முழுதாக வராது என்றாலும் நிழல் கட்டிவிடும். லைன் வீடுகள் நிற்கும் சில ஏக்கரை விட்டுவிட்டு மீதியை மீட்டாலே சிங்கவால் குரங்குக்குப் பாதை கிடைக்கும். அந்த ஏக்கருக்கு வீட்டுமனைப் பட்டாவைப் பெண்கள் பெயரில் கொடுங்கள். புலிகள் காப்பகச் சட்டம் இடம் தராது என்று சொல்லும் இடங்களில், கீழே கொடுக்கும் மாற்று நிலம் விவசாய நிலமாக, ஊருக்குள் நிலமாக, மீட்புப் பணியில் வேலையோடு சேர்ந்த நிலமாக இருக்கட்டும். இறங்குவதா இல்லையா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.

குத்தகை 2028 பிப்ரவரியில் முடிகிறது. இந்த மழைக்குப் பொறுக்கிப் போடும் நாங்கு விதை, நடவுக்குத் தயாராகக் குறைந்தது இரண்டு ஆண்டு ஆகும். அதுவரை நாள்தோறும் தண்ணீர் ஊற்ற, நத்தை பொறுக்க, நிழல்வலை மாற்ற ஆள் வேண்டும். காக்காச்சியில் அந்த ஆள் யார் என்று வனத்துறை சொல்லட்டும்.